முன்வீட்டுக் கேட், பின்வீட்டுத் தடம்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரம் சித்தூர் தாலுக்கா. வேலந்தாவளம், எருத்தேம்பதி, கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லையை ஒட்டிப் போனால் பேச்சு கொங்குத் தமிழாக இருக்கும், பத்திரம் மலையாளத்தில் இருக்கும், அதை ஆதாரம் என்பார்கள். தென்னந்தோப்பும் கடலைக்காடுமாக இருந்த நிலங்கள் பல இப்போது பத்து சென்ட், பதினைந்து சென்ட் மனைகளாகிவிட்டன. மனையைப் பிரிக்கிற அக்கறையோடு யாரும் தடத்தைப் பிரிப்பதில்லை. ரோட்டோரத்து மனைக்காரருக்கு வாசல் நேராக ரோட்டில். பின்மனைக்காரருக்கு முன்வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு பத்தடித் தடம். சைக்கிளும் மொபெட்டும் போகிறவரை பிரச்சனை இல்லை. பின்வீட்டுக்காரர் கார் வாங்குவார், இல்லையென்றால் முன்வீட்டுக்காரரின் மகன் வெளியூரிலிருந்து வந்து காம்பவுண்டுக்குக் கல் இறக்குவார். அன்றைக்குத் தொடங்கும்.

பத்தடி அகலம், நூறடி நீளத் தடம் என்றால் ஆயிரம் சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால், கிட்டத்தட்ட இரண்டேகால் சென்ட். கேரளத்து வரி ரசீதில் ஒரு ஆருக்கு (நூறு சதுர மீட்டர்) கொஞ்சம் குறைவாக வரும். இன்றைய விலைக்கு அது சின்னத் தொகை இல்லை. அதனால்தான் முன்வீட்டுக்காரர், "இடம் என் ஆதாரத்துல இருக்குதுங்க, பூட்டறதும் தொறக்கறதும் என் இஷ்டம்" என்கிறார். பின்வீட்டுக்காரரோ, "எங்கப்பா காலத்துல இருந்து போறோமுங்க, தடம் எங்களுது" என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் பாதிதான் சரி. இடம் ஒருவருக்குச் சொந்தமாக இருக்கும்போதே அதில் நடக்கவும் வண்டி ஓட்டவும் இன்னொருவருக்கு உரிமை இருக்கலாம். வழி, வெளிச்சம், தண்ணீர் என்று பக்கத்து நிலத்தின் மேல் நம் நிலத்துக்கு இருக்கும் இப்படிப்பட்ட பாத்தியங்களைத்தான் 1882-ஆம் வருடத்து இந்திய ஈஸ்மென்ட் சட்டம் சொல்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இதே சட்டம்தான்.

இந்தப் பாத்தியம் ஆளோடு போவதில்லை, நிலத்தோடு போகிறது. பின்மனையை விற்றால் வாங்குகிறவருக்கும் தடம் உண்டு. பத்திரத்தில் தனியாக எழுத மறந்திருந்தாலும் உண்டு. முன்மனையை விற்றால், வாங்குகிறவர் அந்தச் சுமையையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். ஆகவே தடம் யார் பேரில் இருக்கிறது என்று பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. அந்தத் தடம் எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் வழக்கு நிற்குமா, எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம், எங்கே அழுத்தலாம் என்பதெல்லாம் தெரியும். வக்கீலிடம் போவதற்கு முன்பே இதை ஓரளவு நாமே கண்டுபிடித்துவிடலாம்.

எழுதிக் கொடுத்த தடம்

இருப்பதிலேயே பலமானது இதுதான். பங்காளிகள் பாகம் பிரிக்கும்போதோ, தோப்பை மனையாக விற்கும்போதோ, ‘தென்புறம் பத்தடி அகலமுள்ள தடத்தில் ஆள், வண்டி, வாகனம் போய்வரும் பாத்தியம் உட்பட’ என்று ஒரு வரி எழுதியிருப்பார்கள். அந்த ஒரு வரி போதும். பின்னாளில் பின்வீட்டுக்காரருக்கு வேறு வழி கிடைத்தாலும் எழுதிக் கொடுத்த தடம் போகாது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2006-இல் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

எழுதாமலே கொடுத்ததாகவும் சில சமயம் கோர்ட் எடுத்துக்கொள்ளும். திருவனந்தபுரத்து ஆசிரமம் ஒன்றின் நிலத்து வழியைப் பற்றிய வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 2010-இல் முடிந்தது. ஒரே உரிமையாளர் கையில் இருந்த நிலத்தைப் பிரித்துக் கொடுத்தபோதே அந்த வழியும் சேர்ந்துதான் கொடுக்கப்பட்டது, ஆகவே மாற்று வழி இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே இங்கே எழாது என்று பின்வீட்டுப் பக்கம் தீர்ப்பு வந்தது. அப்பாவோ தாத்தாவோ இருக்கும்போதே போட்ட தடம், பாகம் பிரித்த பிறகும் எல்லோரும் போய்வந்த தடம் என்றால், பங்காளிகளுக்கு இந்தத் தீர்ப்பு மிகவும் உபயோகப்படும்.

எழுதின வரியைத் தேட, கையில் இருக்கும் ஆதாரம் மட்டும் போதாது. முன்னாதாரத்தை, அதாவது அதற்கு முந்தைய பத்திரத்தை, பார்க்க வேண்டும். முன்வீட்டுக்காரருடைய முன்னாதாரத்தையும் பார்க்க வேண்டும். நம் பத்திரத்தில் இல்லாத பாத்தியம் அவருடைய பத்திரத்தில் ‘வடக்கே இன்னார் போகும் தடம்’ என்று எல்லை சொல்லும் இடத்தில் உட்கார்ந்திருக்கும். பல வழக்குகள் திரும்புவது இந்த நான்கெல்லை வரியில்தான். சப் ரிஜிஸ்திரார் ஆபீசில் குடிக்கடம் சர்டிபிகேட் (வில்லங்கச் சான்று) போட்டால் எந்த நம்பர் ஆதாரங்கள் உண்டு என்று தெரியும்; அந்த நம்பர்களை வைத்து நகல் எடுக்கலாம். மலையாளம் படிக்கத் தெரியாதவர்கள், தெரிந்த ஒருவரை வைத்து எல்லை விவரத்தை வரிவரியாக வாசிக்கச் சொல்லுங்கள். சர்வே நம்பரையும் விஸ்தீரணத்தையும் மட்டும் சரிபார்த்துவிட்டு மடித்து வைப்பதுதான் நம் ஊர் வழக்கம்.

வேறு வழியே இல்லாத தடம்

இரண்டு மனையும் ஒருகாலத்தில் ஒரே நிலம், பிரித்தபோது பின்மனைக்கு வெளியே வர இந்த வழியைத் தவிர எதுவும் இல்லை என்றால், எழுதாவிட்டாலும் சட்டம் வழி கொடுக்கிறது. ஈஸ்மென்ட் சட்டத்தின் 13-ஆம் பிரிவு. ஆனால் இதில் இரண்டு சிக்கல். சுற்றிக்கொண்டு போக ஒரு வழி இருந்தாலே, அது மேடு பள்ளமாக இருந்தாலும், இந்த உரிமை பெரும்பாலும் கிடைக்காது. அசௌகரியத்தை அவசியமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்து, அவசியம் தீர்ந்த நாளில் உரிமையும் தீர்ந்தது. பின்வீட்டுக்காரர் பஞ்சாயத்து ரோட்டுப் பக்கம் மூன்று சென்ட் வாங்கிச் சேர்த்துக்கொண்டால் முன்வீட்டுக்காரர் தடத்தை மூடலாம்.

வாய்க்கால் கரையில் நடந்து வரலாமே என்று எதிர்த்தரப்பு சொல்லும். சித்தூர்ப் பக்கம் மூலத்தறை வாய்க்கால் ஓடும் ஊர்களில் இந்த வாதம் வராமல் இருக்காது. வாய்க்கால் கரை பாசனத் துறையின் இடம். அங்கே போய்வர நமக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறதா, அல்லது யாரும் தடுக்காததால் போகிறோமா என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. தனியார் நிலத்தில் இருபது வருடப் பழக்கத்துக்கு உரிமை வரும் என்றால், அரசு நிலத்தில் முப்பது வருடம் வேண்டும்.

இருபது வருடத் தடம்

எல்லோரும் சொல்வது இதைத்தான்: "இருபது வருசம் போய்வந்தா நம்மளுதாயிரும்." 15-ஆம் பிரிவு அவ்வளவு தாராளமாக எழுதப்படவில்லை. வெளிப்படையாக, சண்டையில்லாமல், இடைவிடாமல் போயிருக்க வேண்டும்; அதோடு, உரிமையாகப் போயிருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையில்தான் நம் ஊர்க்காரர்கள் விழுகிறார்கள். "அண்ணா, இந்த வழியாப் போய்க்கறேனுங்க" என்று கேட்டு, "அதுக்கென்ன, போப்பா" என்று அவர் சொல்லி, அதன் பிறகு நாற்பது வருடம் போனாலும் அது அனுமதி. அனுமதியாகத் தொடங்கியதை வருடம் கூடியதாலேயே உரிமையாக்க முடியாது. மரியாதைக்குக் கேட்டவருக்கு உரிமை இல்லை, கேட்காமலே போனவருக்கு உண்டு என்றால் கேட்க விசித்திரமாகத்தான் இருக்கிறது. எனக்கும் இது பிடித்த சட்டம் இல்லை. ஆனால் வேறு கோணத்தில் பாருங்கள்: பக்கத்து வீட்டுக்காரருக்குத் தயவு பண்ணினால் இடமே போய்விடும் என்ற பயம் இருந்தால் யாரும் யாரையும் உள்ளே விட மாட்டார்கள்.

காலக்கணக்கிலும் கவனம் வேண்டும். அந்த இருபது வருடம், வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் முடிகிற இருபது வருடமாக இருக்க வேண்டும். 1975 முதல் 2000 வரை போனோம், அப்புறம் அடைத்துவிட்டார்கள் என்று இன்றைக்குப் போய்ச் சொன்னால் நடக்காது. அடைத்தது தெரிந்தும் ஒரு வருடம் பேசாமல் இருந்துவிட்டால் அது சம்மதித்ததாக ஆகி, இருபது வருடக் கணக்கே அறுந்துவிடும். உறவு கெடக் கூடாது, தேர் முடியட்டும், பொங்கல் கழியட்டும் என்று தள்ளிப்போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பேச்சுவார்த்தை நடக்கட்டும், கூடவே ஒரு வக்கீல் நோட்டீசோ, சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு ஒரு ஸ்பீடு போஸ்ட்டோ போயிருக்கட்டும்.

சாட்சி யார்? சொந்தக்காரர் சாட்சியை எதிர்த்தரப்பு வக்கீல் ஐந்து நிமிடத்தில் கலைத்துவிடுவார். தினமும் அந்தத் தடத்தில் வந்துபோன வெளி ஆள்தான் பலம். சித்தூர்ப் பக்கத்தில் அப்படிப்பட்டவர் பெரும்பாலும் கள் இறக்குகிறவர். காலையிலும் சாயங்காலமும் பின்தோப்பு மரத்துக்குப் போனவர், எந்த வருடம் தடத்தில் கேட் வந்தது, அதற்கு முன் என்ன வேலி இருந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடியவர். பால் எடுக்க வந்தவர், தேங்காய் லாரி டிரைவர் இவர்களும் அப்படித்தான். கூகுள் எர்த்தில் பழைய வருடப் படத்தை எடுத்தால் டயர் தடம் தெரிகிற இடங்கள் உண்டு. கோர்ட்டில் அதற்குத் தனியாகச் சான்று கொடுத்து நிரூபிக்க வேண்டும். பேச்சுவார்த்தையில் அந்த வேலை இல்லை, போனை நீட்டினால் போதும்.

ஒரு பொறி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ‘தடம் எனக்கே சொந்தம், இல்லையென்றால் இருபது வருடப் பாத்தியமாவது உண்டு’ என்று ஒரே மூச்சில் மனு எழுதுவார்கள். வழிப் பாத்தியம் என்பது அடுத்தவர் நிலத்தின் மேல்தான் வரும். நிலமே என்னுடையது என்று நினைத்து நடந்தவர், அடுத்தவர் நிலத்தில் உரிமையாக நடந்தேன் என்று எப்படிச் சொல்வார் என்று கோர்ட் கேட்கும். எந்த வகை உரிமை என்று மனுவிலேயே தெளிவாகச் சொல்லி, அதற்கான விவரங்களையும் கொடுக்க வேண்டும். பொத்தாம்பொதுவாக ‘ஈஸ்மென்ட் உரிமை’ என்று எழுதிவிட்டுத் தோற்றவர்கள் நிறைய.

இது எதிலும் சேராதது வெறும் அனுமதி, சட்டத்தில் லைசென்ஸ். கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். விதிவிலக்கு ஒன்று: அனுமதியை நம்பி, நம் செலவில் நிரந்தரமான வேலை ஒன்றைச் செய்திருந்தால் அப்படிச் சட்டென்று எடுக்க முடியாது. அவர் பார்த்துக்கொண்டிருக்க நாம் கான்கிரீட் தடம் போட்டிருந்தால் அந்த பில்களைத் தூக்கி எறியாதீர்கள்.

வண்டித்தடத்தில் கார் போகலாமா

உரிமை இருக்கிறது என்று முடிவான பிறகும் பாதிச் சண்டை மிச்சம் இருக்கும். எவ்வளவு உரிமை? ஒரு வகை வழியுரிமையில் இன்னொரு வகை சேராது என்பது 28-ஆம் பிரிவு. நடக்க மட்டும் உரிமை என்றால் கார் கொண்டுவர முடியாது. மாட்டுவண்டி போன தடத்தில் கார் போகலாமா என்பதற்கு, சுமை கணிசமாகக் கூடுகிறதா என்று பார்ப்பார்கள். உபயோகிக்கிற முறையை மாற்றலாம், சுமையைக் கூட்டக் கூடாது என்பதுதான் அளவுகோல். வீட்டுக்கு ஒரு கார் என்பது ஒன்று. பின்மனையில் ஹாலோபிளாக் கம்பெனி வைத்து டிப்பர் லாரி ஓட்டுவது வேறு. பின்மனையை ஐந்தாகப் பிரித்து விற்றால் ஐந்து பேருக்கும் தடத்தில் உரிமை வரும், ஆனால் முன்வீட்டுக்காரரின் சுமை கணிசமாகக் கூடாதபடிதான் வரும் என்கிறது 30-ஆம் பிரிவு. ‘கணிசமாக’ என்றால் எவ்வளவு என்பதற்கு வாய்ப்பாடு கிடையாது. அதைத்தான் வழக்கில் வருடக்கணக்காகப் பேசுவார்கள்.

முன்வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. நிலம் அவருடையது. தடத்தைக் கெடுக்காமல் அவரும் அதை உபயோகிக்கலாம். கேட் போட்டாலே குற்றம் என்று பின்வீட்டுக்காரர்கள் குதிப்பது சரியில்லை. ஆடு மாடு வராமலிருக்க, திருட்டுப் பயத்துக்கு என்று கேட் போட்டு இன்னொரு சாவி கொடுத்தால் அதைத் தடை என்று கோர்ட் சுலபத்தில் சொல்லாது. சாவி தராமல் பூட்டுவதும், கேட்டை ஏழடிக்குச் சுருக்குவதும், தடத்தின் நடுவில் டேங்கர் தண்ணீருக்குத் தொட்டி கட்டுவதும்தான் தடை. அதே போலப் பின்வீட்டுக்காரருக்கு இருப்பது போய்வரும் உரிமை. சாயங்காலம் காரைத் தடத்தில் நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போகும் உரிமை அதில் இல்லை. தடத்தின் அடியில் போர்வெல் பைப் கொண்டுபோவதும் சாக்கடை இழுப்பதும் தனி உரிமை, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். மழையில் தடம் அரித்துப் போனால் செப்பனிட வேண்டியவர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பின்வீட்டுக்காரர்தான். முன்வீட்டுக்காரர் ஒரு கூடை கிராவல்கூடப் போட வேண்டியதில்லை. இது தெரியாமல், "அவரு இடம், அவருதானே சரி பண்ணோணும்" என்று காத்திருக்கிறவர்கள் உண்டு.

கடப்பாரையும் போலீசும்

அடைத்த சுவரை ராத்திரியோடு ராத்திரியாக ஜேசிபி வைத்துத் தள்ளுவது நம் பக்கத்தில் வீரமாகப் பேசப்படும். 36-ஆம் பிரிவு அதற்கென்றே எழுதியதுபோல இருக்கிறது: பாத்தியம் உள்ளவர், தடை சட்டவிரோதமானதாகவே இருந்தாலும், தானே போய் அதை அகற்றக் கூடாது. சுவரை இடித்த மறுநாள் நாம் வாதியாக இருக்க மாட்டோம், குற்றவாளிக் கூண்டில் இருப்போம். நல்ல உரிமை இருந்தவர்கள் இப்படித்தான் சமரசப் பேச்சில் பலமிழந்துவிடுகிறார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கும் மனுவுக்குக் கைகலப்பு வராமல் பார்த்துக்கொள்வதைத் தாண்டிப் பெரிய பலன் இல்லை. தடம் யாருக்கு என்று இன்ஸ்பெக்டர் தீர்ப்புச் சொல்ல முடியாது. அமைதி கெடும் நிலை வந்தால் ஆர்.டி.ஓ. போன்ற நிர்வாக மாஜிஸ்திரேட்டுக்கு ஒரு அதிகாரம் உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 147-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 166-ஆம் பிரிவு. நிலத்தை உபயோகிக்கும் உரிமை பற்றிய தகராறில், தற்போதைக்கு யாரும் தடுக்கக் கூடாது என்று உத்தரவு போடலாம். வருடம் முழுக்க உபயோகிக்கிற வழி என்றால், தகவல் போவதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் நாம் அந்த வழியில் போயிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இங்கேயும் தாமதம்தான் எதிரி. இந்த உத்தரவு தற்காலிகம். முடிவாகச் சொல்வது சிவில் கோர்ட்.

சிவில் கோர்ட் என்றால் முன்சீப் கோர்ட்டில் பாத்தியத்தை அறிவிக்கவும் தடையை நீக்கவும் கேட்கும் வழக்கு, கூடவே தற்காலிக இன்ஜங்ஷன் (தடையுத்தரவு) மனு. சுவர் எழும்பும் முன்பே போனால் ‘இருக்கிறபடியே இருக்கட்டும்’ என்ற உத்தரவு கிடைக்க வாய்ப்பு அதிகம். எழும்பின சுவரை வழக்கு முடியும் முன்பே இடிக்கச் சொல்லி உத்தரவு வாங்குவது அபூர்வம். முன்வீட்டுக்காரர் விவரமானவராக இருந்தால் கேவியட் போட்டிருப்பார். அது 90 நாள் நிற்கும். அவரைக் கேட்காமல் உத்தரவு போட மாட்டார்கள்.

வழக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது கமிஷன். வக்கீல் ஒருவரைக் கமிஷனராகப் போட்டு, சர்வேயரோடு இடத்தைப் பார்த்து அறிக்கை கொடுக்கச் சொல்வார்கள். அன்றைக்குத் தடத்தில் இருபது பேர் கூடி ஆளுக்கொன்று கத்துவார்கள். கமிஷனர் அதைக் குறிக்க மாட்டார். அவர் பார்ப்பது வேறு. கிளுவை வேலியின் அடிமரம் எவ்வளவு பருமன், வேலி வரிசை நேராகப் போய் எந்த இடத்தில் புதிதாக உள்ளே நகர்கிறது. பழைய கல்கால்கள் பிடுங்கிய குழி மூடியிருக்கிறதா. ஹாலோபிளாக் சுவரின் பூச்சு ஈரமா, பாசி படிந்ததா. பின்வீட்டின் வாசலும் திண்ணையும் எந்தத் திசையைப் பார்த்து நிற்கின்றன, கார் ஷெட்டின் வாய் எந்தப் பக்கம். கரண்ட் கம்பம் தடத்தின் ஓரத்திலா, தோப்புக்குள்ளா. டேப் பிடித்து மூன்று நான்கு இடத்தில் அகலம் எடுத்து வரைபடத்தில் ஏற்றுவார். சாட்சிக் கூண்டில் மாற்றிச் சொல்லலாம், முப்பது வருடக் கிளுவை மரத்தை ஒரே ராத்திரியில் வளர்க்க முடியாது. ஆகவே தகராறு தொடங்கின வாரமே தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். கமிஷனர் வருவதற்குள் வேலி காணாமல் போகிற கதையெல்லாம் இங்கே நடப்பதுதான்.

கேரளத்தில் 2022 நவம்பர் 1 முதல் டிஜிட்டல் ரீசர்வே நடக்கிறது. நம் வில்லேஜில் நடந்தால் அன்றைக்கு வீட்டில் ஆள் இருக்க வேண்டும். முடிவாகும் முன் வரைவைப் பார்த்து ஆட்சேபம் சொல்ல வாய்ப்புத் தருகிறார்கள். தடம் வரைபடத்தில் தனியாக வராமல் முன்வீட்டுக்காரர் மனைக்குள்ளேயே போய்விட்டால் பாத்தியம் அதனாலேயே அழிந்துவிடாது. சர்வே வரைபடம் பாத்தியப் பத்திரம் ஆகாது. ஆனாலும் அடுத்த தலைமுறையின் சண்டைக்கு அது முதல் காகிதமாகிவிடும்.

ராஜியை எழுதும் விதம்

தோற்றவர் அப்பீல் போவார், ஜெயித்தவர் அதற்கும் செலவழிப்பார். இரண்டு பேரும் அதே தடத்தில்தான் தினமும் முகம் பார்க்க வேண்டும். ஆகவே பெரும்பாலான வழித் தகராறுகளுக்கு ராஜிதான், அதாவது சமரசம்தான், சரி என்பது என் எண்ணம், எழுதிக் கொடுத்த தடத்தை முழுதாக அடைத்தவரைத் தவிர. அந்த ஒரு வழக்கில் பாதி விட்டுக்கொடுப்பது வீண்.

பேச உட்காரும்போது பெரியவர்கள், பஞ்சாயத்து மெம்பர் என்று யாரை வைத்தாலும் சரி. சித்தூரைப் போலத் தாலுக்காதோறும் சட்டப் பணிக் கமிட்டி இருக்கிறது. வழக்குப் போடும் முன்பே அங்கே மனு கொடுத்தால் எதிர்த்தரப்பைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். லோக் அதாலத்தில் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அந்த அவார்டு கோர்ட் டிகிரிக்கு (தீர்ப்பாணைக்கு) சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது. ஏற்கனவே வழக்கு நடந்துகொண்டிருந்தால் கட்டின கோர்ட் பீஸ் திரும்பக் கிடைக்கும். ஒத்துக்கொள்ளாதவர் மேல் அவர்கள் எதையும் திணிக்க முடியாது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. பின்வீட்டில் தனியாக இருக்கும் அம்மாக்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

ராஜி ஆன பிறகு நடக்கும் தப்பு, நூறு ரூபாய் பத்திரத்தில் எழுதி இரண்டு சாட்சி வைத்துப் பீரோவில் பூட்டுவது. நிலத்தில் பாத்தியம் உண்டாக்கும் ஆவணத்தின் மதிப்பு நூறு ரூபாயோ அதற்கு மேலோ என்றால் ரிஜிஸ்டர் செய்தே ஆக வேண்டும். செய்யாத பத்திரத்தை வைத்துப் பாத்தியத்தை நிரூபிக்க முடியாது. அதை எழுதிய இருவரும் இருக்கும்வரை மரியாதைக்கு நடக்கும், மகன்கள் காலத்தில் கிழியும். வழக்கு நடக்கும்போதே அந்தத் தடத்தைப் பற்றி ராஜி டிகிரி வாங்கினால் தனியாக ரிஜிஸ்டர் செய்ய வேண்டியதில்லை.

எழுதும்போது ‘மாமூல் தடம்’ என்று முடித்துவிடாமல், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அகலம் எவ்வளவு, அந்த அகலம் சுவரின் உள்பக்கமா வெளிப்பக்கமா, வளைவில் கார் திரும்ப எவ்வளவு விட வேண்டும் என்று அளவோடு வரைபடம் சேர்க்க வேண்டும். ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் போகிற அகலம் இருந்தால் நல்லது. கேட் யாருடையது, சாவி எத்தனை, ராத்திரி பூட்டலாமா என்பதை எழுதுங்கள். என்ன வண்டி போகலாம், வீடு கட்டும் காலத்தில் லாரி வரலாமா, உடைந்தால் யார் போடுவது. வண்டியை நிறுத்தக் கூடாது என்று ஒரு வரி. தண்ணீர் பைப், கரண்ட் கேபிள், மழைத்தண்ணீர் வடியும் பக்கம். பின்மனையைப் பிரித்து விற்றால் எத்தனை வீட்டுக்குத் தடம். முன்வீட்டுக்காரர் பின்னாளில் தன் செலவில் தடத்தை வேறு ஓரத்துக்கு மாற்ற விரும்பினால் அதற்கு வழி உண்டா. இவ்வளவையும் எழுத இரண்டு பக்கம் கூட ஆகாது.

சில இடத்தில் ராஜியின் வடிவத்தையே மாற்றலாம். இரண்டு பேரும் ஆளுக்கு ஐந்தடி விட்டு, அந்தப் பத்தடியை இருவர் பேரிலும் பொதுவாக எழுதிக்கொண்டால் அது கூட்டுச் சொத்து; யாரும் யாரையும் அடைக்க முடியாது. பின்வீட்டுக்காரர் தடத்தின் நிலத்தை விலைக்கே வாங்கிக்கொள்வதும் உண்டு, இரண்டேகால் சென்ட்டின் விலை இரண்டு வருட வக்கீல் பீசை விடக் குறைவாக இருக்கும்போது. பின்னால் ஏழெட்டு வீடு என்றால், எல்லோரும் எழுதிக் கொடுத்துத் தடத்தைப் பஞ்சாயத்துக்கே விட்டுவிடுவது கேரளத்தில் சகஜம். பஞ்சாயத்தின் ஆஸ்தி ரிஜிஸ்டரில் ஏறினால் அது பொது ரோடு, தார் போடுவதும் அவர்கள் பொறுப்பு. ஆனால் அப்புறம் யார் வேண்டுமானாலும் வரலாம், கேட் போட முடியாது, திரும்பவும் கேட்க முடியாது. முன்வீட்டுக்காரர் இதற்குத் தயங்கினால் அதில் தப்பில்லை.

எல்லைக்கோட்டின் மேலேயே இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் வீடு தமிழ்நாட்டில், தடம் கேரளத்துத் தோப்பு வழியாக என்று இருந்தால், ராஜிப் பத்திரத்தைத் தடம் ஓடும் நிலம் எந்த சப் ரிஜிஸ்திரார் எல்லையில் இருக்கிறதோ அங்கே, அந்த மாநில முத்திரைக் கட்டணத்தோடு ரிஜிஸ்டர் செய்வதுதான் பாதுகாப்பு. பொள்ளாச்சியில் வாங்கின முத்திரைத்தாளில் எழுதி எடுத்துப் போனால் கேரளத்தில் திருப்பி அனுப்புவார்கள். வழக்கும் அப்படியே, தடையிருக்கும் நிலத்தின் கோர்ட்டில் போடுவது சிக்கலில்லாதது. தமிழில் எழுதின பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தை வைத்திருப்பவர்கள் மொழிபெயர்ப்பையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ரிஜிஸ்டர் ஆன பிறகு ஒரு குடிக்கடம் சர்டிபிகேட் போட்டுப் பாருங்கள். முன்வீட்டு சர்வே நம்பருக்கு நேராக அந்தப் பத்திரம் ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் அந்த வாரமே ஆபீசில் கேளுங்கள், முன்மனையை நாளைக்கு வாங்க வருகிறவர் பார்ப்பது அந்தக் காகிதத்தைத்தான்.